பால் புள்ளி

திரும்பி வந்த முதல் காசைப் பிரித்தது நான்தான். வெள்ளிக்காசைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டுவதுதான் நாணய ஆலையில் என் வேலை. திரும்பி வருவதைப் பிரிப்பதும் என் தலையில் விழுந்ததற்குக் காரணம், அதுவரை எதுவுமே திரும்பி வந்ததில்லை. அதற்கென்று தனியாக ஆள் கிடையாது.

உள்ளே காசோடு ஒரு கடிதமும் இருந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர். வருஷத்துக்கு ஒன்று என்று நாங்கள் வெளியிடும் காசை முதல் வருஷத்திலிருந்து விடாமல் வாங்கிச் சேர்க்கிறவர். “உங்கள் வானத்தில் யாரோ பால் சிந்திவிட்டார்கள். வாங்கும்போது இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் இருக்கிறது. நான் தொடக்கூட இல்லை” என்று எழுதியிருந்தார். நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காசை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு நாரை, காசின் ஓரத்தில் ஒதுங்கிப் பறக்கிறது. மற்ற இடமெல்லாம் வெறும் வானம், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. அந்தப் பளபளப்பில், நாரையின் மூக்குக்கு முன்னால், கடுகளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. மெல்லிய துணியால் துடைத்தேன். போகவில்லை. மேலே ஒட்டியது மாதிரி இல்லை, உள்ளேயிருந்து பூத்தது மாதிரி இருந்தது.

அந்த வாரம் மூன்று பெட்டி திரும்பின. அடுத்த வாரம் பதினேழு. மழைக்காலம் வேறு, காற்றில் ஈரம் ஏற ஏறப் பெட்டிகளும் கூடிக்கொண்டே போயின. தபால்காரர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டாலே கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிடுவேன்.

அந்த வானத்தை வரைந்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். ஆலைக் குடியிருப்பில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு எட்டு தூரம்தான். எந்நேரமும் கழுத்தில் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டிருப்பார். சோற்றில் கல் இருக்கிறதா என்றுகூட அதில்தான் பார்ப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். அதனால் பேரே லென்ஸ் என்றாகிவிட்டது. காசுக்குப் படம் வரைந்து, அதை எஃகு அச்சில் வெட்டுவது அவர் வேலை. அவர் மனைவிதான் கழுவுமிடத்துத் தலைவி. ஆலையில் எல்லோருக்கும் அவள் அக்கா, எனக்கும் அக்கா. அக்காவின் தங்கை, சின்னவள், அவர்களோடு இருந்துகொண்டு அதே கழுவுமிடத்தில் வேலை செய்தாள். இருபத்தெட்டு வயசு, வாய் ஓயாது, மூச்சுதான் ஓய்ந்துவிடும். பத்துப் படி ஏறினால் பாதியில் நின்று, ஏதோ யோசிக்கிறவள் மாதிரி பாவனை பண்ணுவாள்.

இந்தக் காசைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஆரம்பத்தில் அதில் நூற்றுக்கு எண்பது பங்குதான் வெள்ளி. மீதி செம்பு. செம்பு சேர்ந்தால் காசு கெட்டியாக இருக்கும், சீக்கிரம் கீறாது. பிறகு தொண்ணூறு ஆக்கினார்கள். போன வருஷம் ஒரேயடியாகச் சுத்த வெள்ளிக்குப் போனார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் செம்பு கிடையாது. சேகரிக்கிறவர்களுக்கு அதில்தான் மோகம் என்றார்கள்.

படமும் அதே வருஷம்தான் மாறியது. பழைய காசில் கொடியும் இலையும் பூவுமாக ஊசி குத்த இடமிருக்காது. லென்ஸ் ஒன்பது வருஷமாக ஒரு வெறும் வானத்துக்காகச் சண்டை போட்டார். “எல்லாத்தையும் நிரப்பிட்டா நாரை எங்கதான் பறக்கும்?” என்று மேலாளரிடம் கேட்பார். எங்கள் மேலாளருக்குப் பட்டப்பெயர் ‘பார்க்கலாம்’. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், அச்சின் பளபளப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும் என்று சொல்லித்தான் லென்ஸ் ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்தார்.

புள்ளி வந்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உலோகத்தைக் குறை சொல்ல முடியாது, அதை முடிவு செய்தது மேலிடம். அப்புறம் மிச்சமிருந்தது படம்தான். வெள்ளிக்கிழமைக்குள் லென்ஸ் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இந்தப் படம் இந்தக் காசுக்குப் பொருத்தமில்லை என்று அவரே ஒப்புக்கொள்ளும் தாள். அடுத்த வருஷம் பழையபடி கொடியும் இலையும். லென்ஸ் தேய்ந்த அச்சுகளைத் தீட்டும் பிரிவுக்குப் போவார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. சாயங்காலம் குடையை மடக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுச் சமையலறைக்குப் போனேன். லென்ஸ் மேஜையில் அந்தத் தாளை விரித்து வைத்திருந்தார், மேலே ஒரு உப்புக் கிண்ணத்தைப் பாரமாக வைத்து. சின்னவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு எத்தனைடி?” என்றாள் அக்கா, திரும்பாமல்.

“இருபத்திரண்டு.”

“எல்லாம் வானத்துலயா?”

“நாரை மேல இருந்தாலும் தெரியாதே அக்கா. சொரசொரப்புல மறைஞ்சிடும்.”

“அதைத்தானே அவங்களும் சொல்றாங்க,” என்றார் லென்ஸ். “அச்சை மூணு தடவை பார்த்துட்டேன். ஒரு கீறல் இல்ல. ஆனா என்ன, போட்டுடறேன் கையெழுத்து. தீட்டுற வேலையும் வேலைதான். சம்பளம் அதேதான்.”

“ஒன்பது வருஷம் சண்டை போட்டது இதுக்கா?” என்றாள் சின்னவள்.

“ஒன்பது வருஷம் கொடியும் இலையுமா வெட்டிக்கிட்டேதானே சண்டை போட்டேன். அது பழகின கைதான்.” சிரிக்கப் பார்த்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா கவலையில் இருந்தாள். கையில் இருந்த இரும்புச் சட்டியை அரைகுறையாக அலசி, ஈரம் காயட்டும் என்று அடுப்பில் ஏற்றிவிட்டு முட்டை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது சட்டி நன்றாகச் சூடேறிவிட்டது. உள்ளே, சோப்பு நுரை நின்ற இடங்களில், திட்டுத் திட்டாக வெள்ளை. கரண்டியால் சுரண்டினாள். போகவில்லை. மறுபடி சுரண்டினாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

“என்ன, கருகிடுச்சா?” என்றேன்.

“இல்லடி,” என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. “நாம வில்லையைச் சோப்புத் தண்ணியிலதானே உருட்டுறோம். அப்புறம் உலைக்கு அனுப்புறோம்.”

வில்லை என்றால் படம் அடிக்காத வெறும் வெள்ளி வட்டம். அதைக் கழுவி, உலையில் காய்ச்சிப் பதமாக்கி, அப்புறம்தான் அச்சுக்கு அனுப்புவார்கள். அது எனக்குத் தெரியும். அக்கா என்ன சொல்ல வருகிறாள் என்றுதான் தெரியவில்லை.

“செம்பு கலந்தப்போ உலையிலேர்ந்து கறுத்துப்போய் வரும். அந்தக் கறுப்பு போக ஆசிட்ல முக்குவோம். அது மேல்தோலையே அரிச்சு எடுத்துடும். வெந்துபோன சோப்பு ஏதாவது இருந்தாலும் அதோட போயிடும்.” சட்டியை மேஜையில், அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தாள். “சுத்த வெள்ளி கறுக்காது. பளிச்சுன்னு வெளிய வந்துச்சு. கறுப்பே இல்லாததுக்கு ஆசிட் எதுக்கு சார்னு ‘பார்க்கலாம்’ சார்கிட்ட போய்ச் சண்டை போட்டது யாரு? நான்தானே.”

ஆசிட் தொட்டியை மூடிய அன்றைக்குக் கழுவுமிடத்துப் பெண்கள் நாலு பேரும் சேர்ந்து கேக் வாங்கி வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. அந்தப் புகை என்ன செய்யும் என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும். மூக்குமூடி கொடுத்தார்கள், சுவரில் மின்விசிறி வைத்தார்கள், எல்லாம் ஒப்புக்குத்தான். அந்த ஒரு வருஷத்தில் ஆலையில் உலோகம், படம், ஆசிட் என்று மூன்று விஷயம் மாறியிருந்தது, நாங்கள் முதல் இரண்டை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

“சட்டியையும் காசையும் ஒண்ணா சொல்லாதே,” என்றார் லென்ஸ். ஆனால் லென்ஸைக் கண்ணில் வைத்துச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, “விடு. படம் போனா போகட்டும். இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்,” என்றார்.

“அப்புறம்?” என்றாள் அக்கா.

“அப்புறம் என்ன? கொடி வெட்டுறேன்.”

“கொடிக்குள்ளயும் புள்ளி இருக்குமே. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் கப்பல்காரர் காசு குடுத்து அதை வாங்குவாரு. நீங்களும் தெரிஞ்சே வெட்டிக் குடுப்பீங்க, இல்ல?”

வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

“அக்கா,” என்றாள் சின்னவள். “எனக்கு முன்னாடியே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“புள்ளி. புது வெள்ளி வந்த ரெண்டாவது மாசமே பார்த்தேன். மாதிரிக்குன்னு அலமாரியில ஆறு காசு வெச்சோமே, அதுல ரெண்டுல இருந்துச்சு. துடைச்சேன், போகல. உருக்குற கூடையில போட்டுட்டு, எண்ணிக்கைக்கு வேற ரெண்டு வெச்சுட்டேன்.”

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?” வெங்காயக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அவதிப்பட்டாள். “ஆறு வருஷமா நான் உக்காந்துதானே தூங்கினேன். செவுத்துல சாஞ்சு. மல்லாந்து படுத்தா யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். தொட்டிய மூடின மூணாவது வாரம் சும்மா படுத்துப் பார்த்தேன். விடியிற வரைக்கும் எந்திரிக்கல. அது எப்படி இருந்துச்சுன்னு உனக்குச் சொன்னா புரியாதுக்கா.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எட்டு மாசமாக அவள் இதை மறைத்துவைத்திருப்பது தெரியாமல் அந்தப் பெண்ணைத் தினமும் பார்த்திருக்கிறேன், சிரித்துப் பேசியிருக்கிறேன், நன்றாகத் தேறிவிட்டாய் என்று கன்னத்தைக் கிள்ளியிருக்கிறேன். அக்கா அவளைத் திட்டவும் இல்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. சட்டியை எடுத்துத் தொட்டிக்குக் கொண்டுபோய்த் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். முட்டை அன்றைக்கு யாருக்கும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா மேலாளர் அறைக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் கதவோரம் திரும்பி வந்த பெட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றேன்.

“தப்பு படத்துல இல்ல சார். எங்க கழுவுறதுல,” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவள் மறைத்ததை மட்டும் சொல்லவில்லை. நானும் அது தெரியாதவள் மாதிரி நின்றேன்.

பார்க்கலாம் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆக, ஆசிட்டைத் திரும்ப வெச்சா சரியாயிடும்.”

“ஆசிட் இல்லாமலும் சரி பண்ணலாம் சார். உலைக்கு முன்னாடி மூணு தடவை கொதிக்கிற தண்ணியில அலசுறோம். ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணி. ஒரு ஈடு வில்லைக்கு முக்கால் மணி நேரம் கூடுதலா ஆகும். அதை நாங்க சாப்பாட்டு நேரத்துல ஈடுகட்டிக்கிறோம்.”

“வேலை செய்யும்னு என்ன நிச்சயம்?”

“நிச்சயம் இல்ல சார். பார்க்கணும்.”

தன்னுடைய வார்த்தையை இன்னொருத்தர் வாயில் கேட்டதும் அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. யோசித்தார். அவரும் கெட்டவர் இல்லை. ஆசிட் வாங்குவதும் கொட்டுவதும் அவருக்கும் தலைவலிதான். கடைசியில் ஒரு ஏற்பாடு சொன்னார். அக்கா சொன்ன விதத்தில் பன்னிரண்டு வில்லை கழுவ வேண்டும். காசாக அடித்து, மூன்று நாள் நீராவிப் பெட்டியில் வைக்க வேண்டும். ரெண்டு மாசத்தில் வெளியே வருவதை அந்தப் பெட்டி மூன்று நாளில் வெளியே கொண்டுவந்துவிடும். சனிக்கிழமை திறப்போம். பன்னிரண்டும் சுத்தமாக இருந்தால் ஆசிட் வேண்டாம். ஒன்றில் புள்ளி இருந்தாலும் திங்கட்கிழமை ஆசிட். வெள்ளிக்கிழமைக் கெடு தள்ளிப்போகட்டும், லென்ஸ் அந்தத் தாளில் அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்தப் பன்னிரண்டு வில்லையைச் சின்னவள்தான் கழுவினாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. கொதிநீரில் அலசி அலசி விரல் நுனியெல்லாம் சிவந்து வீங்கிவிட்டது. “போதும்டி, வெள்ளியே கரைஞ்சிடப் போகுது” என்று மற்றப் பெண்கள் சொன்னதற்கு, “நாலாவது தடவை” என்றாள். புதன்கிழமை அச்சடித்தார்கள். நீராவிப் பெட்டி இருக்கும் நடைவழியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது, ஆனாலும் ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வந்தேன். பூட்டிய பெட்டியைப் பார்த்து என்ன தெரியப்போகிறது? போகாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. லென்ஸ் வாசலில் நின்று செருப்பின் சேற்றைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்க வந்தேன். சின்னவள் வெளியே வந்தாள்.

“மாமா, நாளைக்கு நீங்கதானே கடைசியா பார்த்துச் சொல்லணும்?”

“ம்.”

“கண்ணுக்குத் தெரிஞ்சா எல்லாருக்குமே தெரியும். லென்ஸ்ல மட்டும் தெரியிற மாதிரி ஏதாவது இருந்தா...” நிறுத்தினாள். “அது சந்தேகம்தானே மாமா. சந்தேகம்னா இல்லைன்னு வெச்சுக்கலாமே.”

அவர் செருப்பைத் தட்டுவதை நிறுத்தவில்லை. சேறு எப்போதோ உதிர்ந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் துணியை எடுக்காமலே வீட்டுக்குள் வந்துவிட்டேன். அவர் நிலைமையை நினைத்துப் பார்த்தேன். இருக்கிறது என்று சொன்னால் தொட்டி திறக்கும், அவருடைய வானம் பிழைத்துக்கொள்ளும். இல்லை என்று சொன்னால் அவள் படுத்துத் தூங்குவாள், வானத்துக்கு மறுபடி பெட்டி பெட்டியாகப் பழி வரும். உண்மை எதுவாக இருந்தாலும், தன் படத்துக்காக மைத்துனியின் மூச்சை விற்றார் என்று சொல்ல ஆலையில் நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தியாக நானே இருப்பேனோ என்று பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பெட்டியை என் அறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். கறுப்புத் துணி விரித்தேன். பன்னிரண்டு காசையும் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வைத்தேன். அக்கா, சின்னவள், மற்ற இரண்டு பெண்கள், மேலாளர், லென்ஸ். மூச்சு விடவும் இடமில்லை.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒன்றொன்றாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். பன்னிரண்டும் பளபளவென்று இருந்தன. பன்னிரண்டு நாரைகள், பன்னிரண்டு வெறும் வானம். சின்னவள் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரியவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியல,” என்றார் மேலாளர். குரலில் சந்தோஷம் இருந்தது. “நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க. முடிச்சுக்கலாம்.”

லென்ஸ் விரலுறை மாட்டிக்கொண்டு முதல் காசை ஓரத்தில் பிடித்து எடுத்தார். “சுத்தம்.” இரண்டாவது. “சுத்தம்.” ஒவ்வொரு தடவையும் சின்னவளின் உதடு அவரோடு சேர்ந்து அசைந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. பதினொன்றாவதை வைத்துவிட்டு, பன்னிரண்டாவதைக் கண்ணுக்கு எடுத்துப்போனவர் இறக்கவில்லை. காசைச் சாய்த்தார். ஜன்னல் பக்கம் நகர்ந்தார். வெளியே யாரோ தள்ளுவண்டி உருட்டிப் போகிற சத்தம் முழுசாக வந்து முழுசாகப் போய்விட்டது.

“என்ன, சுத்தம்தானே?” என்றார் மேலாளர். “நான்தான் பார்த்தேனே.”

லென்ஸ் காசை இறக்கினார். யாரையும் பார்க்கவில்லை.

“இருக்கு,” என்றார்.

“எங்க?”

“நாரையோட கால்கிட்ட. இப்போ ஊசிமுனை அளவு. ரெண்டு மாசத்துல கடுகாயிடும்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற இரண்டு பெண்களும் லென்ஸை முறைத்தார்கள். சின்னவள் முந்தானையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

“நான் பார்க்கவா மாமா?”

அவர் லென்ஸைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவள் காசை ஓரத்தில் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே மாமா,” என்றாள். அந்தக் குரலில் இருந்த நப்பாசையை என்னால் தாங்க முடியவில்லை.

லென்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வருஷக்கணக்காக எஃகில் மயிரிழை வெட்டிய கை அது. காசைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குச் சாய்த்து, “கடைசி நகத்துக்குக் கீழ. இப்போ பாரு,” என்றார்.

அவள் பார்த்தாள். அசையவில்லை.

“ஆமா,” என்றாள். “இருக்கு.”

காசின் முகத்தில் விரல் படாமல் அதைத் துணியில் வைத்தாள். லென்ஸைச் சேலையில் துடைத்து அவரிடம் கொடுத்தாள். பிறகு மேலாளரைப் பார்த்து, “திங்கக்கிழமை எத்தனை மணிக்கு சார் ஆசிட் ஊத்தறது?” என்று கேட்டாள்.

பார்க்கலாம் சார் அக்காவைப் பார்த்தார். கழுவுமிடத்துக்கு நேரம் சொல்ல வேண்டியது அதன் தலைவிதான்.

“ஏழு மணிக்கு,” என்றாள் அக்கா.